எஃப் தேறவில்லை, டூக்கியில் ஒரு ஜோடி தேறுகிறது: எதை எழுதுவது?

கேள்விக்குறி:

வணக்கம். ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான்கு பயிற்சி முறைகள், முறைக்கு 10 பேர், மொத்தம் 40 பேர். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. சராசரி மதிப்பெண்கள்: அ 50.1, ஆ 56.0, இ 56.6, ஈ 62.6. குழுக்களுக்குள் சிதறல் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிழையின் சராசரி வர்க்கம் 100, அதாவது திட்ட விலக்கம் 10.

ஒருவழி அனோவா போட்டேன், அதாவது நான்கு சராசரிகளும் சமமா என்று எஃப் என்ற ஒரே எண்ணால் மொத்தமாகச் சோதிக்கும் முறை. எஃப் 2.61, டி.எஃப் (கட்டின்மை அளவு) 3, 36. பி மதிப்பு 0.07க்கு அருகே; 0.05க்குக் கீழே வந்தால்தான் தேறியதாகக் கொள்வது வழக்கம். சரி, வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகரலாம் என்றால், டூக்கியையும் (குழுக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடும் சோதனை) முன்பே டிக் செய்து வைத்திருந்ததால் அந்த அட்டவணையும் கூடவே வந்து விழுந்தது. அதில் அ–ஈ ஜோடிக்கு பி 0.04!

எஃப் தேறாதபோது அந்த அட்டவணையைப் பார்க்கவே கூடாது என்கிறார் வழிகாட்டி. டூக்கிக்கு எஃப் தேவையே இல்லை என்கிறார் கூடப் படிக்கும் நண்பர். இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? அல்லது மென்பொருளில் ஏதும் கோளாறா?

படிமுறை:

உங்கள் வழிகாட்டி சொல்வதுதான் முறை. முதலில் எஃப். அது தேறினால் போஸ்ட் ஹாக், அதாவது பின்தொடரும் ஜோடி ஒப்பீடுகள். தேறாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். "எங்கோ ஒரு வித்தியாசம் இருக்கிறது" என்று எஃப் சொன்ன பிறகுதானே "எங்கே" என்று தேட முடியும்? எங்கும் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு தேடினால், கிடைப்பது தற்செயலாகத்தான் இருக்கும். எல்லா அறிமுகப் பாடங்களிலும் இப்படித்தான் இருக்கிறது.

வெண்பலகை:

கோளாறு எதுவும் இல்லை. இரண்டு எண்களும் சரி, இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம். பாடங்களில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த விதி எந்தச் சோதனைக்காகப் பிறந்தது என்பதைப் பாடங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

நான்கு குழு என்றால் ஆறு ஜோடி. குழுவுக்கு 10 பேர், பிழையின் சராசரி வர்க்கம் 100 என்பதால், ஒரு ஜோடியின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி 20ஆல் வகுத்தால் அந்த ஜோடியின் டி வர்க்கம், அதாவது இரண்டு குழுவை ஒப்பிடும் டி சோதனை எண்ணின் வர்க்கம், கிடைக்கும். உங்கள் எண்களுக்கு:

அ–ஆ: 5.9, டி வர்க்கம் 1.74
அ–இ: 6.5, டி வர்க்கம் 2.11
அ–ஈ: 12.5, டி வர்க்கம் 7.81
ஆ–இ: 0.6, டி வர்க்கம் 0.02
ஆ–ஈ: 6.6, டி வர்க்கம் 2.18
இ–ஈ: 6.0, டி வர்க்கம் 1.80

இந்த ஆறையும் கூட்டி 6ஆல் வகுங்கள். 2.61 வரும். அதாவது உங்கள் எஃப்! இது தற்செயல் இல்லை. குழுக்களின் அளவு சமமாக இருந்தால், எஃப் என்பது எல்லா ஜோடிகளின் டி வர்க்கங்களுடைய சராசரிதான். இயற்கணிதத்தில் இரண்டு வரியில் நிறுவிவிடலாம்.

டூக்கி சராசரி எடுப்பதில்லை. ஆறில் மிகப் பெரியது எது என்று மட்டும் பார்க்கிறது. இந்த அமைப்பில், 5 சதவீத மட்டத்தில், எஃப் தேற அந்தச் சராசரி 2.87ஐத் தாண்ட வேண்டும். டூக்கியில் ஒரு ஜோடி தேற அந்த ஜோடியின் டி வர்க்கம் 7.26ஐத் தாண்ட வேண்டும். உங்கள் பெரிய ஜோடி 7.81, தாண்டிவிட்டது. சராசரி 2.61, தாண்டவில்லை. நடுவில் இருக்கும் ஆ, இ இரண்டும் சராசரியைக் கீழே இழுத்துவிட்டன. நடந்தது இவ்வளவுதான்.

கேள்விக்குறி:

அந்த ஆறையும் கையாலேயே போட்டுப் பார்த்தேன், அப்படியே 2.61 வருகிறது. அனோவா சூத்திரத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு முகம் இருப்பது தெரியாது. அப்படியானால் தலைகீழாகவும் நடக்குமா? எஃப் தேறி, டூக்கியில் ஒரு ஜோடிகூடத் தேறாமல்?

வெண்பலகை:

தாராளமாக நடக்கும். அதே 40 பேர், அதே சிதறல். சராசரிகள் மட்டும் 50, 50, 60, 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஜோடிகளின் டி வர்க்கங்கள் 0, 5, 5, 5, 5, 0. சராசரி 3.33. எஃப் தேறிவிட்டது, பி 0.03. டூக்கிக்கு வேண்டியது 7.26, இங்கே பெரியதே 5தான். ஒரு ஜோடியும் தேறாது. மதிப்பெண் கணக்கில் சொன்னால், டூக்கி கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி 12.05, இங்கே இருப்பது 10.

உங்கள் தரவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மேலுக்கும் கீழுக்கும் 12.5 இடைவெளி, எஃப் தேறவில்லை. இங்கே 10தான், எஃப் தேறுகிறது. சராசரிகள் இரு முனைகளில் கூட்டமாக நின்றால் எஃப்புக்குப் பிடிக்கும். இரண்டு மட்டும் முனையில் நின்று மற்றவை நடுவில் இருந்தால் டூக்கிக்குப் பிடிக்கும்.

புள்ளிவண்டு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 50, 50, 60, 60 விஷயத்தில் எஃப் எதைக் கண்டுபிடித்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. "எங்கோ வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எங்கே என்று காட்ட முடியவில்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டு, நேர்முகத் தேர்வில் விழி பிதுங்கி நிற்பவர்கள் நிறைய.

அது கண்டுபிடித்தது முதல் இரண்டின் சராசரிக்கும் கடைசி இரண்டின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை. அதுவும் 10தான். ஆனால் இப்போது 20 பேருக்கு எதிராக 20 பேர், அதனால் திட்டப்பிழை (அந்த வித்தியாசத்தின் நிச்சயமின்மை) 3.16ஆகச் சுருங்கி, டி 3.16 ஆகிறது. 1953இல் ஷெஃபே கொடுத்த முறைப்படி இங்கே தாண்ட வேண்டிய எல்லை 2.93. தாண்டிவிட்டது.

ஷெஃபே முறைக்கும் எஃப்புக்கும்தான் ரத்த உறவு. எஃப் தேறினால் ஷெஃபே முறையில் தேறும் கான்ட்ராஸ்ட் (குழுச் சராசரிகளுக்கு எடை கொடுத்துச் செய்யும் ஒப்பீடு) ஒன்றாவது கட்டாயம் இருக்கும். எஃப் தேறாவிட்டால் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தக் கான்ட்ராஸ்ட் ஒரு ஜோடியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில நேரம் "அ–வில் பாதியும் ஆ–வில் கால்வாசியும்" என்ற ரீதியில் யாருக்கும் பயன்படாத ஒரு கலவையாகவும் அது இருந்து தொலைக்கும்.

படிமுறை:

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் எஃப், பிறகு டூக்கி என்று இரட்டைப் பூட்டு போடுவதில் என்ன நஷ்டம்? தவறான கண்டுபிடிப்பு இன்னும் குறையத்தானே செய்யும்?

வெண்பலகை:

குறையும். ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்கிறோம். நான்கு முறைகளும் உண்மையில் சமமாக இருக்கும்போது, டூக்கி ஒரு ஜோடியையாவது தவறாகத் தேறவைக்கும் வாய்ப்பு ஏற்கெனவே 5 சதவீதம்தான். ஆறு ஜோடிக்கும் சேர்த்துத்தான் அந்த 5. எஃப்பையும் முன்னால் நிறுத்தினால் இரண்டும் ஒருசேரத் தேற வேண்டும், ஆகவே 5க்கும் கீழே போய்விடும். யாரும் கேட்காத பாதுகாப்பு அது. உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் திறனில் ஒரு பங்கைக் கொடுத்து அதை வாங்குகிறோம்.

இனி அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். 1935இல் ஃபிஷர் சொன்ன முறை இது: எஃப் தேறினால், பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் திருத்தம் எதுவும் இல்லாத சாதாரண டி சோதனை போடலாம். எல்.எஸ்.டி. (தேறுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வித்தியாசம்) என்று மென்பொருள் பட்டியலில் நீங்கள் பார்ப்பது அதில் வரும் டி சோதனைப் பகுதிதான். அந்த டி சோதனைகளுக்குத் தமக்கென்று ஒரு காவலும் கிடையாது. அதனால் வாசலில் எஃப் நின்றே ஆக வேண்டும். டூக்கி, போன்ஃபெரோனி, ஹோல்ம், டன்னெட் போன்ற பல ஒப்பீட்டு முறைகள் எல்லாம் தங்கள் காவலைத் தாங்களே கொண்டுவருபவை. பாடங்களில் "போஸ்ட் ஹாக்" என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டு, எல்.எஸ்.டி.க்கான விதியை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். டூக்கியின் முறையை உருவாக்கும்போது எஃப் முன்நிபந்தனையாக எங்கும் வருவதில்லை.

படிமுறை:

அப்படியானால் எல்.எஸ்.டி.க்காவது எஃப் போதுமான காவல்தானே?

புள்ளிவண்டு:

மூன்று குழு என்றால் போதும், கச்சிதமாகப் போதும். யோசித்துப் பாருங்கள். மூன்றும் சமம் என்றால் எஃப் 5 சதவீதம்தான் திறக்கும். இரண்டு சமம், ஒன்று வேறு என்றால் வாசல் திறந்துவிடும், ஆனால் உள்ளே தவறாகத் தேறக்கூடிய ஜோடி ஒன்றே ஒன்றுதான். அதற்கு அதன் டி சோதனையின் 5 சதவீதம் இருக்கிறது. வேறு நிலை எதுவும் கிடையாது. ஆக எந்தப் பக்கம் போனாலும் 5க்கு மேல் போகாது.

நான்கு குழுவில் ஓட்டை விழுகிறது. மூன்று சமம், நான்காவது வெகுதூரம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றால் எஃப் கட்டாயம் தேறும். வாசல் அகலத் திறந்தாயிற்று. இப்போது சமமாக இருக்கும் மூன்றுக்கும் இடையே மூன்று ஜோடிகள், காவல் இல்லாமல். பெரிய மாதிரிகளில் அவற்றில் ஒன்றாவது தவறாகத் தேறும் வாய்ப்பு 12 சதவீதம். ஐந்து குழுவில் நான்கு சமம், ஒன்று தள்ளி என்றால் 20 சதவீதம். குழுக்கள் கூடக் கூட இது ஏறிக்கொண்டே போகும். 1986இல் ஹேட்டர் இதைக் கணக்கிட்டுக் காட்டி, எஃப் தேறிய பிறகு சாதாரண டி எல்லைக்குப் பதிலாக, ஒரு குழு குறைவாக இருப்பதுபோல் எடுத்த டூக்கி எல்லையைப் பயன்படுத்தச் சொன்னார். அதில் எஃப் உண்மையிலேயே ஒரு படி, முறையின் ஓர் உறுப்பு. எஃப் தேவைப்படும் முறைகளும் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு தளத்தில் ஆறு குழுவுக்கு எஃப் போட்டு, பிறகு எல்.எஸ்.டி. போட்டு, ஏழு ஜோடிகளுக்கு நட்சத்திரம் வைத்திருந்ததைப் பார்த்தேன். "எஃப் தேறியதால் பாதுகாப்பானது" என்று அடிக்குறிப்பு வேறு. தலைவலிதான் வந்தது.

நீள்கோடு:

இழையை முழுக்கப் படித்தேன். ஒரு சின்னச் சந்தேகம். டூக்கிக்கு எஃப் வேண்டாம் என்றால் அனோவாவே வேண்டாமா? நேரடியாக ஆறு டி சோதனை போட்டு திருத்தினால் ஆகாதா?

வெண்பலகை:

எஃப் விகிதம் வேண்டாம் என்பதற்காக அனோவா அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டூக்கி பயன்படுத்தும் பிழையின் சராசரி வர்க்கம் அந்த அட்டவணையிலிருந்துதான் வருகிறது. அ–ஈ ஒப்பீட்டில்கூட ஆ, இ குழுக்களின் சிதறல் பங்கேற்கிறது, அதனால்தான் டி.எஃப் 36. இரண்டு குழுவை மட்டும் பிய்த்தெடுத்து டி போட்டால் 18தான்.

சிதறல்கள் சமம் இல்லை என்றால் இந்தக் கூட்டுப் பிழையே சந்தேகத்துக்குரியது. அப்போது எஃப்புக்குப் பதில் வெல்ச், டூக்கிக்குப் பதில் கேம்ஸ்–ஹாவெல்; இரண்டும் சிதறல் சமம் என்று எதிர்பார்க்காத சோதனைகள். மேலே சாதாரண எஃப்பும் கீழே கேம்ஸ்–ஹாவெலும் போட்டால் இரண்டும் வெவ்வேறு அனுமானத்தில் நிற்கும். முரண்பாடு வந்தால் ஆச்சரியப்படக் கூடாது. குழு அளவுகள் சமம் இல்லாவிட்டால் டூக்கி–கிரேமர், அதைப் பெரும்பாலான மென்பொருள்கள் தாங்களே போட்டுவிடும். நான் சொன்ன "டி வர்க்கங்களின் சராசரி" விஷயமும் அப்போது அப்படியே பொருந்தாது, எடை போட்ட சராசரியாக மாறிவிடும்.

அளவுகோல்:

எல்லோரும் எஃப்பையும் டூக்கியையும் பற்றியே பேசுகிறீர்கள். கேள்விக்குறி, உங்கள் நான்கு முறைகளுக்கும் ஏதாவது வரிசை உண்டா? பயிற்சி நேரம் படிப்படியாகக் கூடுகிறது என்பதுபோல?

உண்டு என்றால் கதையே வேறு. −3, −1, 1, 3 என்ற எடைகளோடு நேர்கோட்டுப் போக்கு கான்ட்ராஸ்ட் போட்டுப் பார்த்தேன். குழுக்களுக்கு இடையேயான வர்க்கக் கூட்டல் 783. அதில் 726 அந்த ஒரு போக்கிலேயே அடங்கிவிடுகிறது. எஃப் 7.3க்கு அருகே, டி.எஃப் 1, 36, பி 0.01. அதே தரவு, அதே பிழை. மூன்று டி.எஃப் மீது பரப்பிக் கேட்டால் "தெரியவில்லை" என்றது, ஒன்றில் குவித்துக் கேட்டால் பளிச்சென்று சொல்கிறது. முன்கூட்டியே இந்தக் கேள்வியை எழுதிவைத்தவருக்கு ஒட்டுமொத்த எஃப்பும் தேவையில்லை, டூக்கியும் தேவையில்லை.

கேள்விக்குறி:

வரிசை இல்லை. நான்கும் வேறு வேறு அணுகுமுறைகள். அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டதே சராசரி வந்த பிறகு ஏறுவரிசையில்தான்.

அளவுகோல்:

அப்படியானால் நான் எழுதியதை மறந்துவிடுங்கள். சராசரியைப் பார்த்து வரிசைப்படுத்திவிட்டு நேர்கோட்டுப் போக்கு போட்டால், எந்தக் குப்பைத் தரவும் போக்கு காட்டும்.

படிமுறை:

இங்கேதான் என் பழைய கவலை திரும்ப வருகிறது. எஃப் தேறினால் எஃப்பை எழுதுவது, தேறாவிட்டால் "டூக்கிக்கு எஃப் வேண்டாம்" என்று டூக்கியை எழுதுவது. இப்படி இரண்டு வாய்ப்பு வைத்துக்கொண்டால் 5 சதவீதம் எங்கே நிற்கும்? வெண்பலகை சொன்னது கணிதப்படி சரி. ஆனால் தேறாத எஃப்பைப் பார்த்த பிறகு அந்தக் கணிதத்தைத் தேடிப்போவது வேறு.

வெண்பலகை:

இதில் உங்கள் பக்கம்தான் நான். எது தேறினாலும் எடுத்துக்கொள்வேன் என்றால் பிழை 5ஐத் தாண்டிவிடும். இரண்டும் ஒன்றாகவே தேறுவதில்லை என்பதைத்தானே மேலே பார்த்தோம்.

கேள்விக்குறி, ஆய்வு முன்மொழிவில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதைப் பொறுத்துத்தான் பதில்.

கேள்விக்குறி:

"குழுக்களின் சராசரிகள் ஒருவழி அனோவா மூலமும், அதைத் தொடர்ந்து டூக்கி சோதனை மூலமும் ஒப்பிடப்படும்." அவ்வளவுதான். எஃப் தேறினால் மட்டும் என்று இல்லை. எந்த நிலையிலும் என்றும் இல்லை.

புள்ளிவண்டு:

இரண்டு பக்கமும் இழுக்கலாம் போல. ஆய்வுக் கேள்வி எப்படி இருக்கிறது? "பயிற்சி முறைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா" என்றா, "எந்த முறை எதைவிட மேல்" என்றா?

கேள்விக்குறி:

இரண்டாவது. "நான்கு முறைகளில் எவை எவற்றிலிருந்து வேறுபடுகின்றன" என்றுதான் முதல் கேள்வியே.

புள்ளிவண்டு:

அப்படியானால் உங்கள் கேள்வி ஜோடிகளைப் பற்றியது. அதற்கு நேரான பதில் டூக்கி அட்டவணை. எஃப் பதில் சொல்லும் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. நான் என்றால் டூக்கியை முதன்மையாக வைத்து, எஃப்பை மறைக்காமல் பக்கத்திலேயே எழுதுவேன்.

படிமுறை:

நான் என்றால் எஃப்பை முதலில் எழுதி, டூக்கியைத் தற்காலிகமான சுட்டுதலாகச் சொல்வேன். "அதைத் தொடர்ந்து" என்று எழுதியதைப் படிக்கும் எந்தத் தேர்வாளரும் வாசல் விதியாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் இரண்டு எண்ணையும் எழுத வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

வெண்பலகை:

பி 0.04 என்பதோடு நிறுத்தாமல் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகள்) கொடுங்கள். 12.5 வித்தியாசத்தோடு 12.05ஐக் கூட்டியும் கழித்தும் பாருங்கள். அதாவது 0.45 முதல் 24.55 வரை. இந்த ஒரு வரி போதும், படிப்பவருக்கு நிலைமை புரிந்துவிடும். ஈ முறை அ–வைவிட அரை மதிப்பெண் கூடுதலாகவும் இருக்கலாம், 24 மதிப்பெண் கூடுதலாகவும் இருக்கலாம் என்கிறது தரவு. 0.07, 0.04 என்று இரண்டு பக்கமும் பிரித்துவைத்துச் சண்டை போடும் அளவுக்கு இங்கே சரக்கு இல்லை. குழுவுக்கு 10 பேர் என்பது இவ்வளவு சிதறலுக்குப் போதாது.

கேள்விக்குறி:

இப்படி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"ஆய்வுக் கேள்வி ஜோடி ஒப்பீடுகளைப் பற்றியது என்பதால் டூக்கி ஒப்பீடுகள் எஃப் சோதனையின் முடிவைச் சாராமல் தரப்படுகின்றன. ஒட்டுமொத்த எஃப் சோதனை 5 சதவீத மட்டத்தில் தேறவில்லை (எஃப் 2.61; டி.எஃப் 3, 36, பி 0.07). டூக்கி ஒப்பீட்டில் ஈ, அ முறைகளின் வித்தியாசம் 12.5 (95 சதவீத இடைவெளி 0.45 முதல் 24.55; பி 0.04). மற்ற ஐந்து ஜோடிகளும் தேறவில்லை. எனவே ஆ, இ முறைகள் அ–வுக்கும் ஈ–க்கும் சமமானவை."

புள்ளிவண்டு:

கடைசி வாக்கியத்தைத் தூக்குங்கள். ஆ–வும் அ–வும் சமம், ஆ–வும் ஈ–யும் சமம், ஆனால் அ–வும் ஈ–யும் வேறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்! தேறவில்லை என்றால் வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்குத் தரவு இல்லை என்றுதான் பொருள். ஆ–ஈ இடைவெளி மைனஸ் 5.45 முதல் 18.65 வரை போகிறது, அதைச் சமம் என்று யார் சொல்வார்கள்?

மற்றபடி நன்றாக இருக்கிறது. "சாராமல்" என்ற முதல் வாக்கியத்தைத் தரவு வந்த பிறகுதான் முடிவு செய்தீர்கள் என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

படிமுறை:

அந்த ஒரு வரி இருந்தால் நான் தேர்வாளராக இருந்தாலும் விட்டுவிடுவேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான்.

கேள்விக்குறி:

கடைசி வாக்கியம் போய்விட்டது, புதிய வரி சேர்ந்துவிட்டது. ஆறு டி வர்க்கங்களின் பட்டியலைப் பின்னிணைப்பில் போடுகிறேன். வழிகாட்டியிடம் முதலில் அதைத்தான் காட்டப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.